ஊதாத் தவளையும் பலாமரமும்

(ஒப்பீட்டுக் கட்டுரை)

நுழையும் முன்

இரு பொருள்களை அருகருகே வைத்து நோக்கும்போது, தனித்தனியே பார்க்கையில் புலப்படாத பண்புகள் வெளிப்படும். ஒத்த இனத்தைச் சேர்ந்தவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதில்லை. முற்றிலும் வேறுபட்ட இரண்டையும் ஒப்பிடலாம். ஆனால் அவற்றை இணைக்கும் பொது அடிப்படை ஒன்று இருத்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட ஒரு தவளையையும் ஒரு பழமரத்தையும் இப்பாடம் ஒப்பிடுகிறது. ஒன்றின் பெயரை அறியாதவர் இந்தியாவில் அரியர். மற்றொன்றை நேரில் கண்டவர் மிகச் சிலர்.

1. ஒரே மலை, ஒரே மழை

குஜராத்தின் தென்பகுதியில் தொடங்கி, மகாராட்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்கள் வழியாகக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. வடமொழியில் இது சஹ்யாத்திரி எனப்படும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை இம்மலை மறித்து நிற்பதால் இதன் மேற்குச் சரிவில் பெருமழை பொழிகிறது. அம்மழையே இங்குள்ள பசுமைமாறாக் காடுகளை வளர்க்கிறது. உலகில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் பல இங்கு வாழ்வதால், 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலைத்தொடரின் பல பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊதாத் தவளை இம்மலையில் மட்டுமே வாழ்வது. பலாமரமோ இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் வளர்கிறது. எனினும், அதன் தாயகமும் இம்மலையின் மழைக்காடுகளே எனத் தாவரவியலார் பெரும்பாலும் கருதுகின்றனர். பிறந்த இடமும் பெறும் மழையும் ஒன்றாக இருக்க, இவ்விரண்டின் வாழ்க்கை எவ்வாறு இத்தனை வேறுபட்டது? இவ்வினாவே இவ்வொப்பீட்டின் அடிப்படையாகும்.

2. உருவமும் உறைவிடமும்

பலாமரம் கண்ணுக்கு மறையாதது. பத்து முதல் இருபது மீட்டர் உயரம் வரை வளர்ந்து, அடர்ந்த கிளைகளைப் பரப்பி, ஆண்டு முழுவதும் இலை நிறைந்து நிற்கும். இலை தடித்தது, கரும்பச்சை நிறமும் பளபளப்பும் உடையது. பட்டையைக் கீறினால் வெண்மையான பால் வடியும். பெரும்பாலான மரங்கள் நுனிக்கிளைகளில் காய்க்கின்றன. பலாவோ அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கிறது. மெல்லிய கிளைகளால் அதன் பழத்தின் எடையைத் தாங்க இயலாது. மரத்தில் காய்க்கும் பழங்களுள் உலகிலேயே மிகப் பெரியது பலாப்பழமே. பத்துக் கிலோ, இருபது கிலோ எடையுள்ள பழங்கள் இயல்பாகக் காணப்படுபவை. அதனினும் பன்மடங்கு எடையுள்ளனவும் உண்டு.

நாம் ஒரு பழம் என்று சொல்வது உண்மையில் ஒரு பழம் அன்று. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே தண்டில் நெருங்கிப் பூத்து, அவை அனைத்தும் ஒன்றாக இணைந்து உருவான கூட்டுக்கனியே பலாப்பழம். ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து தோன்றியது. கருவுறாமல் போன பூக்களே சுளைகளுக்கிடையே நாராகவும் சடையாகவும் கிடப்பவை. பழத்தின் மேற்புறத்தில் உள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனியாகும்.

ஊதாத் தவளையோ கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வது. இதன் உடல் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நீளமுடையது. காற்றடைத்த பை போன்று உப்பியது. தோல் வழவழப்பானது; கரிய ஊதா நிறத்தது. தலை சிறியது, கண்களும் சிறியவை. மூக்கு கூர்மையாக நீண்டு, நுனியில் வெண்ணிறக் குமிழுடன் காணப்படும். இதனால் பன்றிமூக்குத் தவளை என்றும் இது அழைக்கப்படுகிறது. பிற தவளைகளைப் போல் தாவுவதற்குரிய நீண்ட கால்கள் இதற்கு இல்லை. கால்கள் குட்டையானவை, வலிமை மிக்கவை. பின்னங்கால்களின் அடியில் மண்வெட்டி போல் பயன்படும் கடினமான புடைப்பு ஒன்று உண்டு. அதனைக் கொண்டு மண்ணைத் தள்ளியவாறே தவளை பின்புறமாகப் புதைந்து செல்லும். ஈரமும் நெகிழ்வும் உள்ள மண்ணில், தரைமட்டத்திலிருந்து மூன்று மீட்டர் ஆழம் வரையிலும் இது வாழ்வதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள்கள் நீங்கலாக, ஆண்டு முழுவதும் இத்தவளை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. ஆகவே, காட்டில் ஒரு பலாமரத்தைக் காண விரும்புபவர் தலையை நிமிர்த்தினால் போதும். ஊதாத் தவளை தம் காலடியிலேயே இருந்தாலும் அவர் அதனை அறியமாட்டார்.

3. உணவு

மரம் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பலாவின் இலைகள் சூரிய ஒளியைப் பெற்று, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு மாவுப்பொருளை உருவாக்குகின்றன. மரத்திற்கு ஒளியே முதல்.

தவளைக்கு ஒளி தேவையில்லை. நிலத்தடியில் வாழும் தவளைகள் வேறு பலவும் உண்டு. ஆயினும், அவற்றுள் பெரும்பாலானவை உணவு தேடி நிலத்திற்கு மேலே வருகின்றன. ஊதாத் தவளை மண்ணுக்குள்ளேயே உணவையும் பெறுகிறது. கறையான்களே அதன் முதன்மை உணவு. வாய் குறுகியது, மூக்கின் கூர்நுனி தொடுவுணர்ச்சி மிக்கது. கறையான் செல்லும் இடுக்குகளில் மூக்கை நுழைத்து, நாவினால் கறையானை உள்ளிழுத்துக்கொள்கிறது.

இவ்விடத்தில் மரமும் தவளையும் மறைமுகமாகத் தொடர்புறுகின்றன. காட்டு மரங்கள் உதிர்க்கும் இலையும் சுள்ளியும் தரையில் மட்குகின்றன. அவற்றைக் கறையான் உண்கிறது. கறையானைத் தவளை உண்கிறது. ஒளியைக் காணாத உயிரும் இறுதியில் ஒளியால் விளைந்த உணவையே உண்டு வாழ்கிறது. பலாமரத்தின் வைரம் பாய்ந்த கட்டையைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் காடு என்பது ஒரு மரம் அன்று. பலாவும் அதனைச் சூழ்ந்த பல்வகை மரங்களும் சேர்ந்து போர்த்திய நிழலும், அவை உதிர்த்த சருகும், அச்சருகு காத்த ஈரமுமே தவளையின் வீட்டை ஆக்குகின்றன.

4. மழையை நம்பிய தலைமுறை

உருவத்தாலும் உணவாலும் வேறுபட்ட இவ்விரண்டும் ஒரு செய்தியில் வியப்பூட்டும் வகையில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் தம் அடுத்த தலைமுறையைப் பருவமழையின் கையில் ஒப்படைக்கின்றன.

கோடையின் இறுதியில் இடியுடன் கூடிய முதல் மழை பெய்து மண் நனையும்போது, ஆண் தவளைகள் மண்ணுக்குள் இருந்தவாறே குரல் கொடுக்கத் தொடங்கும். அக்குரலைக் கேட்டுப் பெண் தவளைகள் மேலே வரும். பெண் தவளை பெரியது. ஆண் மிகச் சிறியது. பெண்ணின் முதுகில் ஆண் பற்றிக்கொள்ள, இரண்டும் அருகிலுள்ள காட்டோடையை அடைகின்றன. கோடையில் வற்றிக் கிடந்து மழையில் உயிர்பெறும் ஓடைகள் அவை. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் பெண் தவளை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. பின்னர்த் தவளைகள் மண்ணுக்குள் திரும்புகின்றன. அவற்றை மீண்டும் காண அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

சில நாள்களில் முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகள் வெளிவருகின்றன. அதற்குள் பருவமழை வலுத்து, ஓடை வெள்ளமாகப் பாயும். வேறு தலைப்பிரட்டைகளாயின் அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைக்கோ உறிஞ்சும் தன்மையுடைய வாய் அமைந்துள்ளது. அதனால் வழுக்குப் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு, பாறையில் படிந்த பாசியை உண்டு வளர்கிறது. ஏறத்தாழ நூறு நாள்கள் இவ்வாறு வாழ்ந்து, கால் முளைத்து, வால் மறைந்து, சிறு தவளையாகி மண்ணுக்குள் புகுகிறது. அந்நூறு நாள்களும் ஓடையில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மழை இடையில் நின்று ஓடை வற்றினால், அவ்வாண்டின் தலைமுறை அழிந்துபோகும்.

பலாப்பழமும் கோடையில் முதிர்ந்து, மழை தொடங்கும் காலத்தில் கனிகிறது. அதன் மணம் நெடுந்தொலைவு பரவும். அம்மணத்தை நாடி யானையும் குரங்கும் மரநாயும் அணிலும் வருகின்றன. சுளையை உண்ட விலங்குகள் கொட்டையைத் தாய்மரத்திலிருந்து அப்பால் கொண்டுசென்று இடுகின்றன. நெல், கேழ்வரகு முதலியவற்றின் விதைகளை உலர்த்திப் பல மாதங்கள் சேமித்து வைக்கலாம். பலாக்கொட்டையை அவ்வாறு சேமிக்க இயலாது. உலர்ந்தால் அதன் முளைக்கும் திறன் கெட்டுவிடும். சில வாரங்களுக்குள் ஈரமண்ணைச் சேர்ந்தால் மட்டுமே அது முளைக்கும். எனவே மழை தொடங்கும் காலத்தில் பழம் விழுவது மரத்திற்கு நன்மை பயக்கிறது.

ஓடையின் தலைப்பிரட்டையும் காட்டில் விழுந்த கொட்டையும் காத்திருக்க இயலாதவை. ஆனால் இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓராண்டு மழை பொய்த்தாலும் பலாமரம் நின்று மறு ஆண்டு மீண்டும் காய்க்கும். அதன் கொட்டையை ஒரு சிறுவன் எடுத்துச் சென்று வீட்டுக் கொல்லையில் ஊன்றி நீர் ஊற்றினால், அது அங்கும் முளைக்கும். தலைப்பிரட்டைக்கு அவ்வாறு நீர் ஊற்றுவார் எவருமில்லை. பாறையும் பாய்ச்சலும் பாசியும் உள்ள அவ்வோடையே அதற்கு வேண்டும்.

5. பெயர் பெற்ற வரலாறு

பலாவின் புகழ் பழமையானது. தமிழர் அதனை மா, வாழை ஆகியவற்றுடன் சேர்த்து முக்கனி எனப் போற்றினர். மலையாளத்தில் அதன் பெயர் சக்க. மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அப்பெயரை ஜாக்கா என வழங்கினர். அதிலிருந்தே ஆங்கிலத்தில் ஜாக் என்னும் பெயர் தோன்றியது. கன்னடத்தில் ஹலசு, மராட்டியில் பணஸ், இந்தியில் கட்டஹல் என அது பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் தாவர நூலில் பலாமரம் படத்துடன் இடம்பெற்றுள்ளது. 1789ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லமார்க் அதற்கு ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டிரோபில்லஸ் என்னும் அறிவியல் பெயரைச் சூட்டினார். முதற்சொல் கிரேக்க மொழியில் ரொட்டிக்கனி எனப் பொருள்படும். இரண்டாம் சொல் வேறுபட்ட இலைகளை உடையது எனப் பொருள்படும். இளங்கன்றின் இலைகள் பிளவுபட்டும், வளர்ந்த மரத்தின் இலைகள் பிளவின்றியும் இருப்பதே அதற்குக் காரணம்.

ஊதாத் தவளை அறிவியல் பெயர் பெற்றது 2003ஆம் ஆண்டில்தான். பலா பெயர் பெற்று இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே தவளையின் முறை வந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த தவளையை ஆராய்ந்து, எஸ்.டி. பிஜு என்னும் இந்திய அறிஞரும் பிராங்கி போசுவிட் என்னும் பெல்ஜிய அறிஞரும் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டனர். அதற்கு நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டனர். மூக்கைக் குறிக்கும் வடசொல்லும், தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், மலையின் பெயரும் இணைந்தது அப்பெயர்.

இதில் வியப்பிற்குரிய செய்தி ஒன்று உண்டு. இத்தவளையின் தலைப்பிரட்டையை நெல்சன் அன்னண்டேல், சி.ஆர். நாராயண ராவ் ஆகிய அறிஞர்கள் 1910களின் இறுதியிலேயே விவரித்திருந்தனர். ஆனால் அது வளர்ந்து எத்தவளை ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. குழந்தையை அறிந்த அறிவியல் உலகம் தாயைக் காண ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அறிவியல் அறியவில்லை என்பதனால் எவரும் அறியவில்லை என்று கொள்ளுதல் பிழையாகும். மலைவாழ் மக்கள் சிலர் இத்தவளையையும் இதன் தலைப்பிரட்டைகளையும் முன்னரே அறிந்திருந்தனர். மலையாளத்தில் இதற்குப் பாதாளத் தவளை என்றும் மாவேலித் தவளை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. மகாபலி மன்னன் பாதாளத்திலிருந்து ஆண்டிற்கு ஒருமுறை ஓணத் திருநாளில் தன் மக்களைக் காண வருகிறான் என்பது கேரள மக்களின் நம்பிக்கை. ஆண்டிற்கு ஒருமுறை மண்ணுக்குள்ளிருந்து வரும் தவளைக்கு அம்மன்னனின் பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

2017ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலைச்சரிவில் கிடைத்த தவளை இவ்வினத்திற்கு நெருங்கிய மற்றோர் இனம் என ஆய்வாளர்கள் விவரித்தனர். மலையின் கிழக்குப் புறத்தில் வாழும் அது, வடகிழக்குப் பருவமழையின்போது முட்டையிடுவதாக அவர்கள் குறிப்பிட்டனர். ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது உயிர்நீத்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அதற்கு நாசிகாபட்ராக்கஸ் பூபதி எனப் பெயர் சூட்டப்பட்டது.

6. பயணம் சென்றதும் நின்றதும்

பலாமரம் மனிதரோடு பயணம் செய்தது. மலைக்காட்டிலிருந்து சமவெளிக்கும், தென்னிந்தியாவிலிருந்து வங்கத்திற்கும் அசாமிற்கும், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவிற்கும் அது பரவியது. வங்காளதேசத்தின் தேசியக் கனி பலாவே. 2018ஆம் ஆண்டில் கேரளம் அதனைத் தன் மாநிலக் கனியாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலக் கனியும் பலாவே. பண்ணுருட்டிப் பலா பெயர் பெற்றது. வட இந்திய வீடுகளில் பலாப்பிஞ்சு காய்கறியாகச் சமைக்கப்படுகிறது. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாக்கட்டையால் செய்யப்படுகின்றன.

போர்ச்சுக்கீசியர் அதனைக் கடல்கடந்து பிரேசிலுக்கும் கொண்டுசென்றனர். இன்று இரியோ டி செனீரோ நகரை ஒட்டிய திசூக்கா காட்டில், அந்நாட்டு மரங்களின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் அயல்மரமாகப் பலா பெருகியுள்ளது. தன் மலையில் விலங்குகளுக்கு உணவூட்டும் மரம், மற்றொரு நாட்டின் காட்டில் கட்டுப்படுத்தப்பட வேண்டியதாகிவிட்டது. எனவே ஓர் உயிரினத்தை நல்லது என்றோ தீயது என்றோ பொதுவாகக் கூறிவிட இயலாது. அது எங்கு நிற்கிறது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

ஊதாத் தவளையும் ஒரு வகையில் நெடும்பயணம் செய்ததே. ஆனால் அது நடந்து சென்ற பயணம் அன்று. அது நின்ற நிலமே பயணம் செய்தது. இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீசெல்ஸ் தீவுகளில் மட்டுமே வாழ்கின்றன. அவை மிகச் சிறிய தவளைகள். உப்புநீரில் உயிர்வாழ இயலாத தவளைகள் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் கடலை எவ்வாறு கடந்தன? அவை கடலைக் கடக்கவில்லை. முற்காலத்தில் இந்தியாவும் சீசெல்சும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதிகளாக ஒன்றியிருந்தன. நிலம் பிளந்து விலகியபோது அதன்மேல் வாழ்ந்த தவளைகளும் பிரிந்தன. இவ்விரு கிளைகளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்திருக்க வேண்டும் எனத் தவளையைப் பெயரிட்ட அறிஞர்கள் மதிப்பிட்டனர். அஃதாவது, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் தொடங்கிய குலத்தின் வழித்தோன்றல் இது. நிலங்கள் பிரிந்ததற்கு உயிருள்ள சான்றாக அது மண்ணுக்குள் இருந்துவருகிறது.

7. ஒப்பீடு உணர்த்தும் உண்மை

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் பல இடங்களில் ஏலம், காப்பி, தேயிலை, இரப்பர்த் தோட்டங்களாக மாறியுள்ளன. சாலைகள் மலையை ஊடறுக்கின்றன. ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்படுகின்றன. இம்மாற்றங்களால் பலாவும் தவளையும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை.

காடு தோட்டமாகும்போது பலாமரம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. அது பழம் தருகிறது, கட்டை தருகிறது, நிழல் தருகிறது. ஏலத்தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் அதனை நிழல்மரமாக விட்டுவைப்பதுண்டு. வீட்டிற்கு வீடு அதனை நட்டு வளர்க்கின்றனர். மலையிலுள்ள காட்டுப்பலா முழுவதும் மறைந்தாலும், பலா என்னும் மரம் உலகிலிருந்து மறையாது. மனிதரின் விருப்பமே அதற்கு வேலியாக நிற்கிறது.

தவளைக்கு அவ்வேலி இல்லை. அது மனிதருக்கு நேரடியாகத் தரும் பயன் சிறிதே. அதன் தோற்றமும் பலரைக் கவர்வதன்று. ஆண்டில் சில நாள்களே வெளிவருவதால், அது இருப்பதையே பலர் உணர்வதில்லை. ஓடையைத் தேடி வரும் சில இரவுகளில் சாலையைக் கடக்கும்போது வாகனங்களில் சிக்கி இறக்கிறது. தடுப்பணை கட்டப்பட்ட ஓடையில் பாய்ச்சல் குறைந்தால் தலைப்பிரட்டைகள் வாழ இடமின்றிப் போகின்றன. தலைப்பிரட்டைகளைப் பெருமளவில் உணவிற்காகச் சேகரிப்பதும் அதன் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். தொடக்கத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே காணப்பட்ட இத்தவளை, பின்னர் மலைத்தொடரின் மேலும் பல இடங்களில் இருப்பது தெரியவந்தது. இது ஆறுதலளிக்கும் செய்தி. எனினும், அது இம்மலையை விட்டு வேறெங்கும் இல்லை என்னும் உண்மை மாறவில்லை. இதன் விதையை எடுத்துச் சென்று வேறு மண்ணில் ஊன்ற இயலாது.

காக்கும் முறையும் இரண்டிற்கும் வேறுபட்டது. பலாவைக் காப்பதற்கு ஒரு கொட்டையும் ஒரு கைப்பிடி மண்ணும் போதும். தவளையைக் காப்பதற்கு ஈரமண் வேண்டும், கறையான் வேண்டும், சருகு வேண்டும், தடையின்றி ஓடும் ஓடை வேண்டும், உரிய காலத்தில் மழை வேண்டும். சுருங்கக் கூறின், காடு முழுவதும் வேண்டும். ஒரு மலைச்சரிவில் ஊதாத் தவளை ஆண்டுதோறும் வெளிவருகிறது என்றால், அங்கு மண்ணும் நீரும் இன்னும் நலமாக உள்ளன என்று பொருள். பலாமரம் நிற்பதைக் கொண்டு அவ்வாறு கூற இயலாது. அது காடழிந்த இடத்திலும் நிற்கும்.

ஒரே மலையில் தோன்றிய இவ்விரண்டனுள் பயன் தருவதை மனிதர் உலகெங்கும் கொண்டுசென்றனர். பயன் தெரியாததை மலையிலேயே விட்டனர். விடப்பட்டது விடப்பட்ட இடத்திலேயே வாழ வேண்டுமாயின், அவ்விடமாவது அதற்கு எஞ்சியிருத்தல் வேண்டும்.

சொற்பொருள்

அரியர் – மிகக் குறைவானவர்
புலப்படாத – கண்ணுக்குத் தெரியாத
கூட்டுக்கனி – பல பூக்கள் இணைந்து உருவாகும் கனி
வைரம் பாய்ந்த – நடுமரம் முற்றி உறுதியான
இருவாழ்வி – நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினம்
தலைப்பிரட்டை – தவளையின் இளம்பருவ வடிவம்
பொய்த்தல் – (மழை) பெய்யாமல் போதல்
ஊடறுத்தல் – நடுவே பிளந்து செல்லுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பலாப்பழத்தைக் கூட்டுக்கனி என்பது ஏன்?
2. ஊதாத் தவளைக்கு மாவேலித் தவளை என்னும் பெயர் வந்த காரணம் யாது?
3. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் தலைப்பிரட்டை தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பலாவும் ஊதாத் தவளையும் பருவமழையை நம்பியிருக்கும் முறையை ஒப்பிடுக.
2. சீசெல்ஸ் தீவுகளின் தவளைகளும் ஊதாத் தவளையும் உறவினங்களாக இருப்பது எவ்வாறு?

இ. மொழித்திறன்
ஒற்றுமையைச் சுட்ட ‘அதுபோலவே’, ‘இரண்டும்’ முதலிய சொற்களும், வேற்றுமையைச் சுட்ட ‘ஆனால்’, ‘மாறாக’, ‘எனினும்’ முதலிய சொற்களும் பயன்படுகின்றன. ‘ஊதாத் தவளையோ’ என்னும் சொல்லில் உள்ள ஓகாரமும் வேற்றுமையைச் சுட்டுகிறது. இத்தகைய இடங்கள் ஐந்தினைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் வாழும் பகுதியில் அனைவரும் அறிந்த ஒரு மரத்தையும், பலர் கவனிக்காத ஓர் உயிரினத்தையும் தேர்ந்தெடுத்து, வாழிடம், உணவு, இனப்பெருக்கம், மனிதரோடு உள்ள தொடர்பு ஆகிய நான்கு தலைப்புகளில் ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்று எழுதுக.